இருந்தும் கிடைக்காத துத்தநாகம்

கிணற்றடியில் கிடக்கும் இரும்பு வாளி துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அதன்மேல் துத்தநாகம் பூசுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். சாதாரணக் கைவிளக்கு பாட்டரியின் உட்கூடும் இதே உலோகத்தால் ஆனது. நெல் பயிரிடும் உழவர்களுக்கோ வேறொரு வகையில் இது பழக்கமானது. நடவின்போது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து வயலில் தூவுவார்கள். இவ்வளவும் தெரிந்த நமக்கு, ஒரு குழந்தை உயரமாக வளர்வதற்கும், அதன் புண் ஆறுவதற்கும், அதற்கு வந்த பேதி நிற்பதற்கும்கூட இந்த உலோகம் தேவை என்பது அவ்வளவாகத் தெரியாது.

இன்று வயிற்றுப்போக்குடன் வரும் குழந்தைக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்துடன் சிறு மாத்திரைகளையும் சேர்த்துத் தருகிறார்கள். ஒரு தேக்கரண்டி நீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து, நாளைக்கு ஒன்றாகப் பதினான்கு நாட்கள் கொடுக்கச் சொல்கிறார்கள். அதுதான் துத்தநாக மாத்திரை. “பேதி மூன்றே நாளில் நின்றுவிட்டதே, பிறகு எதற்கு மாத்திரை?” என்று கேட்டு, மீதியை அலமாரியில் போட்டுவிடும் தாய்மார்கள் பலர். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண அறிவியல் உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. அந்த நெடிய பாதையில் ஒரு தவறான எண்ணம் நெடுங்காலம் வழிமறித்து நின்றது. “துத்தநாகம் எல்லா உணவிலும் இருக்கிறது. ஆகவே மனிதனுக்கு அதில் குறை வர வழியில்லை” என்பதே அந்த எண்ணம்.

பூஞ்சையில் தொடங்கிய கதை

1869-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் ழூல் ரொலன் என்பவர் ஒரு சோதனை செய்தார். இவர் புகழ்பெற்ற லூயி பாஸ்டரின் மாணவர். பழைய ரொட்டியின்மேல் கறுப்பாகப் படர்கிறதே ஒரு வகைப் பூஞ்சை, அதைச் சர்க்கரையும் சில உப்புகளும் கலந்த நீரில் வளர்த்தார். எந்த உப்பை நீக்கினால் வளர்ச்சி குறைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். அந்த நீரில் மிக நுண்ணிய அளவு துத்தநாகம் இல்லாவிட்டால் பூஞ்சை செழிப்பதில்லை என்று கண்டார். ஓர் உயிருக்குத் துத்தநாகம் வேண்டும் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று இதுவே.

அதன்பின் பசுந்தாவரங்களின் முறை வந்தது. அவற்றிற்கும் துத்தநாகம் இன்றியமையாதது என்பதை 1926-இல் அமெரிக்காவில் சோமர், லிப்மன் ஆகிய இருவரும் ஐயமற நிறுவினர். விலங்குகளில் இதை மெய்ப்பிப்பது எளிதாக இல்லை. காரணம், துத்தநாகமே இல்லாத தீவனத்தைத் தயாரிப்பது பெரும்பாடு. அரும்பாடுபட்டுத் தூய்மை செய்த தீவனத்தைக் கொண்டு 1934-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாட், எல்வெஹெம், ஹார்ட் ஆகியோர் எலிகளை வளர்த்துப் பார்த்தனர். துத்தநாகம் கிட்டாத எலிக்குட்டிகள் வளர்ச்சி குன்றின, அவற்றின் உரோமமும் உதிர்ந்தது. துத்தநாகம் சேர்த்ததும் மீண்டும் வளரத் தொடங்கின.

இந்தச் சோதனை ஒரு பக்கம் அறிவை வளர்த்தது. மறுபக்கம் ஒரு மெத்தனத்தையும் வளர்த்துவிட்டது. இவ்வளவு சிரமப்பட்டு நீக்கினால்தான் குறை ஏற்படுகிறது என்றால், தானியமும் பருப்பும் உண்ணும் மனிதனுக்கு அது எப்படி ஏற்படும்? இப்படித்தான் அறிஞர்கள் எண்ணினர்.

பன்றிகள் சொன்ன செய்தி

இந்த எண்ணத்தை முதலில் அசைத்தவை பன்றிகள். அமெரிக்கப் பண்ணைகளில் மக்காச்சோளமும் சோயாவும் தின்று வளர்ந்த பன்றிக்குட்டிகளுக்கு ஒரு தோல்நோய் கண்டது. தோல் தடித்து, வெடித்து, பொருக்குத் தட்டியது. குட்டிகள் வளர்ச்சி நின்று மெலிந்தன. 1955-இல் அலபாமாவைச் சேர்ந்த டக்கர், சால்மன் என்னும் இரு ஆய்வாளர்கள், தீவனத்தில் சிறிதளவு துத்தநாகம் சேர்த்தால் இந்நோய் குணமாகிறது, வராமலும் தடுக்கப்படுகிறது என்று அறிவித்தனர்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தத் தீவனத்தைச் சோதித்தால், பன்றிக்குப் போதும் என்று கருதப்பட்ட அளவு துத்தநாகம் அதில் இருந்தது. இருந்தும் அது பன்றியின் உடலில் சேரவில்லை! ஏன்? தானியங்களிலும் பருப்புகளிலும் ஃபைட்டேட் என்றொரு பொருள் உண்டு. விதைகள் தமக்கு வேண்டிய பாஸ்பரசைச் சேமித்து வைத்திருக்கும் வடிவம் அது. இந்த ஃபைட்டேட் குடலில் துத்தநாகத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட துத்தநாகம் குடற்சுவர் வழியே இரத்தத்திற்குள் செல்லாமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. உணவில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் இந்தப் பிடி இன்னும் இறுகுகிறது. கோழிக்குஞ்சுகளைக் கொண்டு ஒடெல், சாவேஜ் ஆகியோர் 1960-இல் இதை விளக்கினர்.

நம் உழவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. சுண்ணாம்பு மிகுந்த களர் நிலத்தில் துத்தநாகம் இருக்கும், ஆனால் நாற்றின் வேருக்கு எட்டாது. நிலத்தில் இருப்பது வேறு, பயிருக்குக் கிடைப்பது வேறு. உணவில் இருப்பது வேறு, உடலில் சேர்வது வேறு. நம் கதை முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே ஓடுகிறது.

ஷிராஸ் நகரில் ஒரு நோயாளி

1958-ஆம் ஆண்டு. ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரில் ஆனந்த பிரசாத் என்னும் இளம் மருத்துவர் பணிக்குச் சேர்ந்திருந்தார். இவர் நம் நாட்டவர். 1928-இல் பீகாரிலுள்ள பக்சரில் பிறந்தவர். பாட்னாவில் மருத்துவம் கற்று, மேற்படிப்பிற்காக அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் சென்றவர். அங்கிருந்து ஈரானுக்கு அழைக்கப்பட்டிருந்தார்.

ஒரு நாள் அவரிடம் விந்தையான நோயாளி ஒருவன் கொண்டு வரப்பட்டான். பார்த்தால் பத்து வயதுச் சிறுவன். விசாரித்தால் வயது இருபத்தொன்று! பருவமடைந்ததற்கான அறிகுறி எதுவும் உடலில் இல்லை. கடுமையான இரத்தசோகை இருந்தது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. தோல் வறண்டு சொரசொரப்பாக இருந்தது. எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்திருந்தான். அவனுடைய உணவு என்ன என்று கேட்டபோது, ஏறத்தாழ வெறும் ரொட்டிதான் என்று தெரிந்தது. இறைச்சி, முட்டை எல்லாம் அவனுக்கு எட்டாத பொருள்கள். போதாக்குறைக்கு, நாள்தோறும் அரைக்கிலோ அளவு களிமண்ணையும் தின்று வந்தான்.

அவன் ஒருவன் மட்டுமல்லன். குறுகிய காலத்திற்குள் அதே தோற்றமுள்ள இன்னும் பத்துப் பேரைப் பிரசாத் கண்டார். சுற்றியுள்ள ஊர்களில் இத்தகையோர் அரியவர் அல்லர் என்பதும் தெரிந்தது. ஓர் ஊரில் பலர் குள்ளமாக இருந்தால், “அவர்கள் இனமே அப்படி” என்று சொல்லிவிடுவது மனித இயல்பு. பிரசாத் அப்படிச் சொல்லிவிட்டு நகரவில்லை.

அவருடைய சிந்தனை சென்ற வழி இது: இரத்தசோகைக்கு இரும்புச் சத்துக் குறைவு காரணம் என்பது தெளிவு. ஆனால் விலங்குகளுக்கு இரும்புச் சத்துக் குறைந்தால் வளர்ச்சி இப்படி நிற்பதில்லை, இனப்பெருக்க உறுப்புகளும் சுருங்குவதில்லை. எலிகளில் இவ்விரண்டும் எப்போது ஏற்படுகின்றன? துத்தநாகம் குறையும்போது! நல்ல உணவும் இரும்பும் கொடுத்து நோயாளிகள் தேறி வருகையில், அவர்கள் இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் என்சைமின் அளவு உயர்ந்தது. அந்த என்சைம் வேலை செய்வதற்குத் துத்தநாகம் வேண்டும். தானியத்திலுள்ள ஃபைட்டேட்டும், தின்ற களிமண்ணும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுத்தது போலவே துத்தநாகத்தையும் தடுத்திருக்கலாம் அல்லவா?

பிரசாத், ஹால்ஸ்டெட், நதீமி ஆகிய மூவரும் இந்த நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை 1961-இல் வெளியிட்டனர். துத்தநாகக் குறைவு என்பது அப்போது ஓர் ஊகமாகவே இருந்தது. அதை அளந்து காட்டத் தேவையான வசதி ஷிராசில் இல்லை.

நைல் நதிக்கரையில்

1961-இல் பிரசாத் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்த பேராசிரியர் வில்லியம் டார்பி ஊட்டச்சத்து ஆய்வில் பெயர் பெற்றவர். பிரசாத்தின் ஊகத்தைச் சோதித்துப் பார்க்க அவர் எகிப்துக்கு வழி செய்து கொடுத்தார். கெய்ரோவில் இருந்த அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆய்வு நிலையத்தில் வேலை தொடங்கியது. எகிப்தின் சிற்றூர்களிலும் அதே போன்ற குள்ள இளைஞர்கள் இருந்தனர். அவர்கள் மண் தின்பவர்கள் அல்லர். ஆனால் ரொட்டியும் அவரையுமே அவர்களுடைய பிரதான உணவு. பலருக்குக் கொக்கிப்புழு முதலிய ஒட்டுண்ணிகளும் இருந்தன.

இரத்தநீரிலும், சிவப்பணுக்களிலும், தலைமயிரிலும் துத்தநாகத்தை அளந்தார்கள். மூன்றிலும் அளவு குறைவு. கதிரியக்கமுடைய துத்தநாகம்-65 என்பதைச் சிறிதளவு செலுத்தி, அது இரத்தத்திலிருந்து மறையும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். இவர்கள் உடலில் அது மிக விரைவாக மறைந்தது. வறண்ட நிலம் நீரை உறிஞ்சுவது போல, திசுக்கள் அதை உறிஞ்சிக்கொண்டன! 1963-இல் இம்முடிவுகள் வெளிவந்தன. மனிதருக்கும் துத்தநாகக் குறை உண்டு என்பது அளவீட்டின் மூலம் நிறுவப்பட்டது.

அடுத்த கேள்வி, கொடுத்தால் வளர்வார்களா என்பது. சிலருக்கு நல்ல உணவு மட்டும், சிலருக்கு அதனுடன் இரும்பு, சிலருக்கு அதனுடன் துத்தநாகம் என்று கொடுத்து ஒப்பிட்டார்கள். மற்றவர்களும் வளர்ந்தார்கள். ஆனால் துத்தநாகம் பெற்றவர்கள் மற்றவர்களை மிஞ்சினர். ஓராண்டில் 12 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தவர்கள் உண்டு. பருவ மாற்றங்களும் சில மாதங்களிலேயே தோன்றின.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் கொண்டோர் பலர். எல்லாம் பொதுவான சத்துக்குறைவுதான் என்று வாதிட்டனர். ஹால்ஸ்டெட்டும் அவருடைய கூட்டாளிகளும் மீண்டும் ஷிராசில் ஆய்வு நடத்தினர். இராணுவத்தில் சேர வந்து, உடல்வளர்ச்சி போதாதென்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்கள் பதினைவரும், பெண்கள் இருவரும் அதில் பங்கேற்றனர். எல்லாருக்கும் வயது 19 அல்லது 20. நல்ல உணவோடு நாளுக்கு 27 மில்லிகிராம் துத்தநாகம் பெற்றவர்கள், நல்ல உணவு மட்டும் பெற்றவர்களைவிட விரைந்து வளர்ந்து பருவமெய்தினர். 1972-இல் இது வெளியாயிற்று. 1974-இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம், மனிதருக்கு அன்றாடம் வேண்டிய சத்துகளின் பட்டியலில் துத்தநாகத்தைச் சேர்த்தது. ரொலனின் பூஞ்சைச் சோதனைக்கும் இதற்கும் இடையே 105 ஆண்டுகள் ஓடிவிட்டன.

தாய்ப்பால் மறைத்து வைத்திருந்த உண்மை

இதே காலத்தில் ஐரோப்பாவில் முற்றிலும் வேறான ஒரு நோயை மருத்துவர்கள் கண்டு திகைத்துக் கொண்டிருந்தனர். அந்த நோய் கைக்குழந்தைகளைத் தாக்கியது. வாயைச் சுற்றியும், கை கால் விரல்களிலும், ஆசனவாயைச் சுற்றியும் கொப்புளங்கள் எழுந்து புண்ணாகும். தலைமயிர் கொட்டிவிடும். ஓயாத பேதி பிடிக்கும். குழந்தை எந்நேரமும் சிணுங்கிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான குழந்தைகள் இளம் வயதிலேயே இறந்தன. ஒரே குடும்பத்தில் உடன்பிறந்தார் சிலருக்கு இது வந்தது. நார்வே நாட்டின் டான்போல்ட், க்ளாஸ் ஆகிய இரு மருத்துவர்கள் 1942-இல் இதைத் தனி நோயாக வரையறுத்துப் பெயரிட்டனர். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

ஒரு புதிர் மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது. தாய்ப்பால் குடிக்கும் வரையில் இக்குழந்தைகள் நலமாக இருந்தன. பாலை மறக்கடித்துப் பசும்பாலுக்கு மாற்றியதும் நோய் தலைகாட்டியது. மீண்டும் தாய்ப்பால் கிடைத்தால் தேறின. தாய்ப்பாலில் அப்படி என்னதான் இருக்கிறது? யாருக்கும் விளங்கவில்லை.

1953-இல் தற்செயலாக ஒரு மருந்து அகப்பட்டது. அமீபாச் சீதபேதிக்குக் கொடுக்கும் டையயடோஹைட்ராக்சிகுவின் என்ற மருந்தைக் கொடுத்தபோது நோய் தணிந்தது. குடலில் ஏதோ கிருமியை அது கொல்கிறது போலும் என்று எண்ணினார்கள். நெடுநாள் உட்கொண்டால் கண்பார்வை நரம்பைக் கெடுக்கும் மருந்து அது. வேறு வழியில்லாததால் இருபது ஆண்டுகள் அதையே கொடுத்து வந்தார்கள்.

1970-களின் தொடக்கத்தில் லண்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் இந்நோய் கண்ட இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று சிகிச்சை பெற்றது. பல உணவுகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகையால் செயற்கையாகக் கலந்த உணவைக் கொடுத்து வந்தார்கள். எட்மண்ட் மொய்னஹன் என்னும் தோல்நோய் மருத்துவரும், அவருடன் பணியாற்றிய பார்ன்ஸும் அக்குழந்தையின் இரத்தத்தைச் சோதித்தபோது துத்தநாகம் மிகக் குறைவாக இருந்தது. குறையை ஈடுசெய்யத் துத்தநாக சல்பேட்டைக் கொடுத்தார்கள். புண்கள் ஆறின, பேதி நின்றது, குழந்தை தேறியது. முதலில், அந்தச் செயற்கை உணவில் துத்தநாகம் குறைந்ததுதான் காரணமோ என்று எண்ணினார்கள். ஆனால் அந்த உணவை உண்ணாத மற்ற நோயாளிக் குழந்தைகளிடமும் அதே குறை, அதே குணம்! இந்நோய் பிறவியிலேயே வரும் துத்தநாகக் குறைதான் என்று மொய்னஹன் 1974-இல் அறிவித்தார். முப்பதாண்டுகளாக எமனாக இருந்த நோய், நாளுக்குச் சில மில்லிகிராம் உப்பில் அடங்கிவிட்டது.

தாய்ப்பாலின் புதிரும் அவிழ்ந்தது. தாய்ப்பாலில் பசும்பாலைவிடத் துத்தநாகம் மிகுதி என்று நினைக்க வேண்டாம். பசும்பாலில் அது கேசின் என்னும் புரதத்தோடு இறுகப் பிணைந்திருக்கிறது. தாய்ப்பாலிலோ எளிதில் குடல் உறிஞ்சிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. மறுபடியும் அதே பாடம்: எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு சேர்கிறது என்பதே கேள்வி. துத்தநாகத்தைக் குடற்சுவருக்குள் கொண்டு செல்லும் ஒரு புரதத்திற்கான மரபணு இக்குழந்தைகளில் பழுதுபட்டிருக்கிறது என்பது 2002-இல் தெரிய வந்தது. பழைய மருந்தும் கிருமியைக் கொன்று குணப்படுத்தவில்லை. துத்தநாகம் உடலில் சேர்வதற்கு உதவியே குணப்படுத்தியது என்பதும் பின்னர் விளங்கியது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பன்றிக்குட்டியின் தோல்நோய்க்குத் துத்தநாகம் மருந்து என்பது 1955-இலேயே தெரியும். அந்தத் தோல்நோயும் இக்குழந்தைகளின் தோல்நோயும் பல வகையில் ஒத்தவை. ஆனால் கால்நடை மருத்துவரின் அறிவு குழந்தை மருத்துவரின் அறைக்கு வந்து சேரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. “மனிதனுக்கு இந்தக் குறை வராது” என்ற எண்ணம் நடுவில் சுவராக நின்றதே காரணம். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகள் எத்தனையோ!

உடலில் அதன் வேலை என்ன?

வளர்ந்த மனிதனின் உடலில் உள்ள துத்தநாகம் மொத்தம் ஏறக்குறைய 2 கிராம்தான். ஆனால் அது செய்யும் வேலை பெரிது. நாம் வெளிவிடும் கரியமிலவாயுவைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற என்சைமில் துத்தநாகம் இருப்பதைக் கெய்லின், மான் ஆகியோர் 1940-இல் கண்டனர். இன்று இத்தகைய என்சைம்கள் முன்னூறுக்கு மேல் தெரிந்துள்ளன. மேலும், மரபணுச் செய்தியைப் படிக்க உதவும் சில புரதங்கள் துத்தநாக அணுவைப் பிடித்துக்கொண்டு விரல் போல மடிந்து நிற்கின்றன என்று ஏரன் க்ளக் குழுவினர் 1985-இல் கண்டனர். மரபணுச் செய்தி படிக்கப்பட்டால்தான் புதிய செல்கள் உண்டாகும். ஆகவே எங்கெல்லாம் செல்கள் விரைந்து பெருகுகின்றனவோ, அங்கெல்லாம் துத்தநாகக் குறை முதலில் தென்படும். வளரும் எலும்பு, தோல், குடலின் உட்சுவர், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ஆகியவை அத்தகைய இடங்கள். குழந்தைகள் இதனால் பெரியோரைவிட மிகுதியாகப் பாதிக்கப்படுவதில் வியப்பில்லை.

கேட்டவர் வியக்கும் ஒரு சான்று ஜமைக்காவிலிருந்து கிடைத்தது. நெஞ்சுக்கூட்டின் மேற்பகுதியில் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. நோய் எதிர்ப்பு அணுக்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் அது எனலாம். சத்துக்குறைவால் மெலிந்த குழந்தைகளுக்கு இச்சுரப்பி சுருங்கிவிடுகிறது. உணவூட்டி உடல் தேறிய பின்பும் சில குழந்தைகளுக்கு அது சிறிதாகவே இருந்தது. அவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்ததும் அது வளர்ந்ததை எக்ஸ்-ரே படங்கள் காட்டின. கோல்டன் தம்பதியரும் ஜாக்சனும் 1977-இல் இதை வெளியிட்டனர்.

வறுமை இல்லாத வீடுகளிலும் இலேசான குறை உண்டு என்பதை அமெரிக்காவின் டென்வர் நகரில் ஹாம்பிட்ஜ் 1972-இல் காட்டினார். தலைமயிரில் துத்தநாகம் குறைந்த குழந்தைகள் சிலருக்குப் பசி மந்தம், சுவை உணர்வுக் குறைவு, வளர்ச்சிக் குறைவு ஆகியவை இருந்தன. சாப்பிட அடம் பிடிப்பதனால் சத்துக் குறைகிறது, சத்துக் குறைவதனால் மேலும் பசி மந்தமாகிறது. இது ஒரு தீய வட்டம்.

வயிற்றுப்போக்கும் துத்தநாகமும்

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். உடலில் துத்தநாகத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய களஞ்சியம் எதுவும் இல்லை. அன்றாடம் வந்து சேர வேண்டும். பேதி ஏற்படும்போது மலத்தோடு துத்தநாகமும் நிறைய வெளியேறிவிடுகிறது. துத்தநாகம் குறைந்ததும் குடலின் உட்சுவர் பழுது பார்க்கப்படாமல் கிடக்கிறது, கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குன்றுகிறது. ஆகவே பேதி நீடிக்கிறது, அல்லது நின்று மீண்டும் வருகிறது. இதுவும் ஒரு தீய வட்டம்தான்.

இதை உடைக்க முடியுமா என்று பார்க்கப் புது டில்லியில் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு மாதம் முதல் முப்பத்தைந்து மாதம் வரையுள்ள 937 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் கொடுக்கப்பட்டது. சசாவல், பான், பிளாக் முதலியோர் 1995-இல் இதன் முடிவை வெளியிட்டனர். துத்தநாகம் பெற்ற குழந்தைகளுக்குப் பேதி தொடரும் வாய்ப்பு 23 சதவீதம் குறைந்தது. நீர்போலப் போகும் எண்ணிக்கையும் 39 சதவீதம் குறைந்தது. 2002-இல் வங்காள தேசத்தின் மட்லப் பகுதியில் நடந்த ஆய்வு இன்னொரு நன்மையையும் காட்டியது. துத்தநாகம் கொடுத்த ஊர்களில் பேதிக்குத் தேவையின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பது குறைந்தது. விபத்து அல்லாத காரணங்களால் நேரும் குழந்தை மரணமும் குறைந்தது.

இத்தகைய ஆய்வுகளைச் சீர்தூக்கி, 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டாக அறிக்கை விடுத்தன. பேதி கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு, 10 முதல் 14 நாட்களுக்குத் துத்தநாகமும் கொடுக்க வேண்டும் என்றன. அப்போது சொன்ன அளவு நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம்.

பேதி நின்ற பிறகும் ஏன் கொடுக்க வேண்டும் என்பது இப்போது விளங்கும். முதல் சில நாள் மாத்திரை, வந்த நோய்க்கு. மீதி நாள் மாத்திரை, இழந்ததை மீட்பதற்கும் அடுத்த சில மாதங்களில் வரக்கூடிய பேதியைத் தடுப்பதற்கும். தண்ணீர் வற்றிய கிணற்றில் ஊற்றுக் கண் திறந்தால் மட்டும் போதாது. கிணறு ஊறி நிரம்பவும் நாள் வேண்டும்.

அளவும் எல்லையும்

துத்தநாகம் நல்லது என்பதனால் அள்ளிக் கொடுப்பது நல்லதன்று. அளவுக்கு மிஞ்சினால், அது உணவிலுள்ள செம்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். செம்பு குறைந்தால் இரத்தசோகை வரும். வாந்தியும் வரலாம். இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வொன்று 2020-இல் வெளியாயிற்று. 5 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் கொடுத்தாலே 20 மில்லிகிராமுக்கு ஈடான பயன் உண்டு, வாந்தியும் குறைகிறது என்று அது காட்டியது. ஆகவே அளவைச் சுகாதாரப் பணியாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டே கொடுக்க வேண்டும்.

இது சர்வரோக நிவாரணியும் அன்று. நோயில்லாத எல்லாக் குழந்தைகளுக்கும் அன்றாடம் துத்தநாகம் கொடுத்தால் மரணம் குறையுமா என்று நேபாளத்திலும், தான்சானியாவின் பெம்பா தீவிலும் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த முடிவுகளில் உறுதியான குறைவு எதுவும் தென்படவில்லை. பேதியில் குழந்தையின் உயிரை உடனடியாகக் காப்பது உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். துத்தநாகம் அதற்குத் துணை, மாற்று அன்று.

அன்றாட உணவில் இறைச்சி, முட்டை, மீன் ஆகியவற்றிலுள்ள துத்தநாகம் எளிதில் உடலில் சேரும். பருப்பிலும் பயறிலும் வேர்க்கடலையிலும் துத்தநாகம் உண்டு, ஃபைட்டேட்டும் உண்டு. ஆனால் ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை ஃபைட்டேட்டைச் சிதைக்கின்றன. ஈரானியச் சிற்றூர்களின் ரொட்டியைச் சோதித்த ரெய்ன்ஹோல்ட் என்பவர், புளிக்கவைக்காத ரொட்டியில் ஃபைட்டேட் மிகுந்திருப்பதை 1971-இல் காட்டினார். அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்து, இரவெல்லாம் புளிக்க வைக்கும் நம் வீட்டுப் பழக்கம் இந்த வகையில் நல்ல பழக்கமே. தாய்ப்பாலில் துத்தநாகம் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வரும். ஆகையால் ஆறு மாதம் முடிந்ததும் வெறும் கஞ்சியோடு நில்லாமல், மசித்த பருப்பும் முட்டையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்க வேண்டும்.

ஷிராசில் அந்த இளைஞனைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவனுடைய குள்ள உருவத்தைத்தான் பார்த்தார்கள். “இவன் தட்டில் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு இவன் உடலில் சேர்கிறது?” என்று கேட்டவர் ஒருவர். அந்தக் கேள்வியின் விளைவே இன்று பதினான்கு சிறு மாத்திரைகளாக நம் ஊர் சுகாதார நிலையத்திற்கு வந்திருக்கிறது. பேதி நின்றதும் மீதி மாத்திரைகளை அலமாரியில் வைத்துவிடும் வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அங்கே ஒரு முறை சொல்லுங்கள்.